மணவறையில் வந்த ஏப்பம்

ஒரே ஏப்பத்தால் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தவன் இந்தப் பூமியிலேயே நான் ஒருவன்தான். இத்தனைக்கும் ஏப்பம் என்னுடையது அல்ல, மாப்பிள்ளை பூவராகனுடையது. முந்தின இரவு பெண்வீட்டு உபசாரத்தில் ஒரு அண்டா ஜாங்கிரியை உள்ளே தள்ளியிருந்தான். காலையில் வயிறு பலாப்பழமாய் உப்பி, தாலி கட்டக் குனிய முடியாமல் மணையில் விறைத்து உட்கார்ந்திருந்தான். முகூர்த்தம் முடியப்போகிறது. மணப்பெண், என் அண்ணன் மகள் குமுதவல்லி, "சித்தப்பா, ஏதாவது செய்யுங்களேன்" என்று தேம்பினாள்.

சமையற்கட்டுக்கு ஓடினேன். ஓமத்தை வெடிக்க வறுத்து, சுக்கும் பெருங்காயமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, டம்ளரோடு வந்தேன்.

"பச்சப்புள்ளைக்குக் குடுக்குற ஓமத்தண்ணிக்கு இந்த மலை எங்கண்ணே கரையப்போவுது?" என்று சிரித்தார் தவில்காரர் கலியமூர்த்தி.

"நீ பேசாம கெட்டிமேளத்துக்குத் தயாரா இருய்யா."

பூவராகன் மடக்மடக்கென்று குடித்தான். பிறகு வந்தது பாருங்கள் ஏப்பம்! வாசல் வாழைமரங்கள் வணங்கி எழுந்தன. ஐயரின் குடுமி அவிழ்ந்தது. கெட்டிமேளம் இடியாய் முழங்கியது, அட்சதை கொட்டியது, மாப்பிள்ளை வில்லாய் வளைந்து தாலி கட்டினான். குமுதவல்லிக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

பந்தியில் கலியமூர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையைத் தொடவில்லை.

"அமர்க்களமா அடிச்சேய்யா!" என்றேன்.

"நான் எங்கண்ணே அடிச்சேன்?" என்றார் மெதுவாக. "குச்சியவே கையில எடுக்கல. தவில் தானா அடிச்சுக்கிச்சு."