நடந்து வருகிறவர்களுக்கு

மலைப்பாதையில் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. தானே ஓடும் கார்கள் விளக்கில்லாமல் போய்க்கொண்டிருக்க, ரெஜினாவின் கார் மட்டும் விளக்கெரிய ஏறியது.

"விளக்கை அணைத்தால் எட்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடலாம். அணைக்கவா?" என்று கார் கேட்டது.

"வேண்டாம்."

"வண்டிக்குத்தான் பனியிலயும் கண்ணு தெரியுதேம்மா. அணைச்சா வீடு வரைக்கும் போயிரலாம்ல?" என்றாள் மகள் ஜெனி.

"நடந்து வர்றவங்களுக்கு வண்டி தெரியணும்டி. உங்கப்பாவுக்குத் தெரியாமப் போச்சே."

போன மழைக்காலத்தில், விளக்கில்லாமல் வந்த காருக்குக் குறுக்கே திடீரெனக் கால் வைத்து, அடிபட்டு இறந்துபோனார் ரெஜினாவின் கணவர் அருள்ராஜ்.

வீட்டுக்கு முன்பே சார்ஜ் தீர்ந்தது. இருவரும் இறங்கிப் பனிக்குள் நடந்தார்கள். எதிரே வண்டி வருகிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. ஜெனி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவும் இப்படித்தான் பயந்துக்கிட்டே நடந்திருப்பாங்களாம்மா?"