வாசலில் நிற்கும் பஸ்

"பஸ்ஸே வேண்டாங்க சாமி!"

பூசை முடிந்ததும், ஊருக்குள் பஸ் விடலாமா என்று பங்குச் சாமியார் கருத்துக் கேட்டபோது ரோசிதான் முதலில் எழுந்தாள்.

"புகையும் புழுதியும் ஊரையே நாசம் பண்ணிருமுங்க. புள்ளைங்க நெஞ்சு தாங்காதுங்க."

கூட்டம் தலையாட்டியது. பஸ் வேண்டாமென்றே எழுதிப் போடுவதாகச் சாமியார் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் புருசன் உபகாரசாமி கேட்டான்: "பஸ் வேணும்னு தெனமும் என் உசிரை எடுத்தவளே நீதானே?"

"வந்தா எங்க நிக்குமாம்? உங்க தம்பி பொண்டாட்டி இன்பமேரி வாசல்ல! அவ மகாராணியாட்டம் ஊட்டுப்படியில இருந்து ஏறுவா, நான் வெயில்ல நடந்து வந்து அவ வாசல்ல நிக்கோணுமா?"

அதற்குள் இன்பமேரியே ஓடிவந்து ரோசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க நல்லா இருக்கோணும். பஸ் வந்தா ரோட்டோரத்து எங்க வெத்தலைக் கொடிக்கால் பூரா புழுதியாயிரும். அந்த வெத்தலையை எந்த யாவாரி வாங்குவான்? நானே வேண்டாம்னா ஊரு ஏசும்னு வாயை மூடிட்டு இருந்தேன். எங்களுக்காவ நீங்க பேசிட்டீங்க!"

ரோசி கையை உருவிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி ஓடினாள்.

"சாமி! பஸ் வரட்டுங்க!"

"புள்ளைங்க நெஞ்சு தாங்காதுன்னியே?"

"அதெல்லாம் தாங்குமுங்க!"