மூன்று மூச்சு

ஏதென்ஸ் நீதிமன்றத்தின் வேலிக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே மேடையில் தோல் பதனிடும் மிக்கோன். அவன் இந்த ஊர்க் குடிமகனே அல்ல என்று வழக்கு; தோற்றால் சந்தையில் அடிமையாக விற்றுவிடுவார்கள். இங்கே அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். அவனுக்குப் பேச்சை எழுதிக் கொடுத்ததும், ஒரு மாதம் உட்காரவைத்து உருப்போட வைத்ததும் நான். நேரம் அளக்கும் மேல்பானையிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பியாகக் கீழ்ப்பானையில் விழுகிறது. அது வற்றினால் பேச்சு முடிந்தது. "எங்க அப்பாவ இந்த ஊர் மண்ணுலதான் புதைச்சேன். அன்னிக்கு அவரு கைய..." என்று சொல்லி நிறுத்துகிறான் மிக்கோன். தங்குதடையில்லாமல் பேசினால் காசுக்கு வாங்கிய பேச்சு என்று ஐந்நூறு நடுவர்களும் முகம் சுளிப்பார்கள். அதனால் அந்த இடத்தில் மூன்று மூச்சு தடுமாறி நிற்கச் சொல்லியிருந்தேன். அழகாக நிற்கிறான். "பாவம்யா, மனசுலேருந்து பேசுறான்" என்கிறார் ஒரு கிழ நடுவர். நான்காவது மூச்சு. சாயம் ஏறிய அவன் விரல்கள் மேலாடையின் ஓரத்தைத் திருகுகின்றன. ஏழாவது. உதடு அசைகிறது, குரல் வரவில்லை. அவன் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்தவன் என்பதற்கான சாட்சிகளின் பெயர்கள் அடுத்த வரியில்தான் இருக்கின்றன. அந்த வரி என் நாக்கு நுனியில் நிற்கிறது. மிக்கோனின் கண்கள் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடிக்கின்றன. "பேசுப்பா, தண்ணி போகுது" என்கிறார் கிழவர் பரிவோடு. கம்பி அறுந்து சொட்டாகிறது. என் பக்கத்தில் நிற்கும் அவன் தம்பி பெருமை தாங்காமல் என் காதருகே குனிகிறான். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே நிக்கிறாரு, பாத்தீங்களா?"