பிலாவிலைக் கணக்கு

“டீச்சரே, இது பள்ளிக்கூடமா, திருவிழாவா?”

ஹெட்மாஸ்டர் வேலாயுதன் முற்றத்துக்கே வந்துவிட்டார். தமிழ் வகுப்பு டீச்சர் ரத்னபாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகளின் சட்டையிலெல்லாம் முற்றத்துப் பலாமரத்திலிருந்து பறித்த ஒரு பிலாவிலை. தென்னை ஈர்க்கால் குத்தி, இலையில் ஓர் எண் கீறியிருந்தாள். கை தட்டினால் ஓடிப்போய்ப் பத்தாகச் சேரவேண்டும். ஏழு மூணைப் பிடிக்கணும், எட்டு ரெண்டைப் பிடிக்கணும்.

“எலே ராபின்சன், நீ ஆறாக்கும். உனக்கு இன்னும் எவ்வளவு வேணும்?”

“நாலு டீச்சர்.”

“பின்னே நின்னுட்டு இருந்தா எப்படி? நாலைத் தேடு மக்கா.”

வேலாயுதன் குரலைத் தாழ்த்தினார். “இப்ப ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்க.”

“உள்ளே இருந்தா வாய் திறக்க மாட்டாங்க சாரே. வீட்டுக்குள்ள போலீஸ் ஏறி அப்பனைப் பிடிச்சிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளைகளாக்கும். விளையாடினாத்தான் பேச்சே வருது.”

“இருபது பேர் இல்லைன்னா தமிழ் வகுப்பை மூடச் சொல்லி உத்தரவு உண்டு. உங்ககிட்ட பத்தொம்பதுதான்.”

“தெரியும்.”

“சட்டம்னா சட்டம். நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

அவர் போய்விட்டார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ரத்னபாயின் புருஷன் கனகதாஸ் லாக்கப்பில் இருந்தான். மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கி வெடித்த பிறகு, பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பவே பயந்தார்கள். இந்த மலையாளி ஹெட்மாஸ்டர் வகுப்பை மூடத்தான் காத்திருக்கிறார் என்று ஊரே சொன்னது. அவளும் நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முற்றத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“கனகதாஸ் பெண்டாட்டி நீங்கதானே? புருஷன் ரோட்டில் கோஷம் போட்டு லாக்கப்பில் கிடக்கிறான். நீங்க இங்கே கூத்து நடத்துறீங்க.”

“கணக்கு நடத்துறேன் சார்.”

“நடத்துங்க. ஆனா மலையாளத்தில் நடத்தணும். கணக்குக்குத் தமிழ் எதுக்கு?”

ரத்னபாய் பக்கத்து வகுப்பின் சன்னலைப் பார்த்தாள். பிறகு, “சார் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்னு கேளுங்க. பிள்ளைகள் எந்த பாஷையில் எண்ணுதுன்னு நீங்களே சொல்லுங்க,” என்றாள்.

அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் காத்திருக்கவும் இல்லை.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...”

பக்கத்து மலையாள வகுப்பின் சன்னலிலிருந்தும் அதே எண்கள் கூடவே வந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. பத்து வந்ததும் இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்தன.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “பேச்சு போதும். தலையை எண்ணுறேன். குறைஞ்சா நாளை முதல் இந்த வகுப்பு இல்லை. உங்களுக்கு வேலையும் இல்லை.”

“எண்ணுங்க. மூடினா ரோட்டோரம் மாமரத்து மூட்டில் வைத்து நடத்துவேன். பிலாவிலைக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.”

கை தட்டினாள். பிள்ளைகள் ஓடி ஜோடி சேர்ந்தார்கள். எப்போதும் ஒரு பிள்ளை தனியாக நிற்கும். அதற்கு அவள்தான் ஜோடி. இன்றைக்கும் போய் நிற்கத் திரும்பினாள்.

யாரும் தனியாக நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபது.

ரத்னபாய்க்குப் புரியவில்லை. ராபின்சன் பக்கத்தில், நாலு என்று கீறிய இலையோடு ஒரு சிறுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓமனா. மலையாள வகுப்புப் பிள்ளை. விளையாட்டு ஆசையில் ஓடி வந்திருப்பாள். பொய்க் கணக்கில் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள ரத்னபாய்க்கு மனமில்லை.

“சார், அந்தப் பிள்ளை என் வகுப்பு...”

“எங்க பிள்ளைதான்,” என்று இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் வந்து நின்ற வேலாயுதன் குறுக்கிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஓமனாவை உற்றுப் பார்த்தார். “இது உங்க மகளல்லவா வேலாயுதன்? மலையாளிப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பில் என்ன வேலை?” அதை மலையாளத்தில்தான் கேட்டார்.

வேலாயுதன் தமிழில் பதில் சொன்னார்.

“இன்னைக்குக் காலையில் நான்தான் சேர்த்தேன். என் மகள் எங்கே படிக்கணும்னு தீர்மானிக்கிறது நானாக்கும். நீங்க இருபதுன்னு எழுதுங்க சார்.”