வயது குறையும் செடிகள்

“செடி எங்கேயாவது குட்டையாகுமாம்மா?”

பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

இளநிலை ஆய்வாளர் தலை குனிந்துகொண்டாள். அடிவாரத்தில் வளர்த்த கன்றுகளை மலையுச்சியில் நட்டு, பிழைக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. உச்சியிலும் பிழைக்கும் என்று ஊர் உலகமெல்லாம் சொல்லிப் பேர் வாங்கியவர் அவர்.

“போன மாசம் அளந்ததுல பாதிதான் சார் இருக்கு. உதிர்ந்த விதையிலைகூடத் திரும்ப வந்திருக்கு.”

விதையிலை என்பது முளைத்ததும் விரியும் முதல் இரண்டு இலை. உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

“அளக்கவே தெரியல. உதவித்தொகை நீட்டிப்புக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?” சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. “அவன் இருந்திருந்தா...”

அவன், அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன். மூடுபனியில் உச்சிப் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து செத்தான். படத்தின் கீழே ‘அளவு பொய் சொல்லாது’ என்று எழுதி மாட்டியவரும் பேராசிரியர்தான்.

வெளியே சீனியர் அக்கா சிரித்தாள்.

“வயசைக் குறைச்சுச் சொல்ற ஆசை செடிக்கும் வந்துடுச்சா?”

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மஞ்சள் மழைக்கோட்டோட யாரோ உச்சியில குந்தியிருக்கிறதைக் காவலாளி பார்த்தாராம். அவன் கடைசியாப் போட்டிருந்ததும் மஞ்சள்தான். தனியாப் போகாதடி.”

ஆனாலும் இவள் தனியாகத்தான் போனாள். உதவித்தொகை நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு வழி?

விடிந்தும் விடியாத நேரம். உச்சியில் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. பாறை விளிம்பைப் பிடித்துப் பிடித்து, பாத்திக்குப் பின்பக்கமாக வந்தாள்.

பனி கொஞ்சம் விலகியது.

பாத்தியருகே மஞ்சளாய் ஒரு முதுகு.

அவள் விளிம்பிலேயே நின்றுவிட்டாள்.

அந்த உருவம் கருகிப்போன கன்று ஒன்றைப் பிடுங்கியது. அதிலிருந்த எண் பட்டையைக் கழற்றியது. கூடையிலிருந்து பச்சைக் கன்றை எடுத்து அதே குழியில் நட்டுப் பட்டையைக் கட்டியது. மண்ணை மெல்லத் தட்டிவிட்டது, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல.

பேயாவது, பிசாசாவது! அவளுக்கு மூச்சு வந்தது. எந்தச் செடிக்கும் வயது குறையவில்லை. செத்ததை எடுத்துவிட்டு யாரோ குட்டியை நடுகிறார்கள். அப்படியானால் அவள் அளந்தது சரி!

“யாரது?”

உருவம் எழுந்து திரும்பியது. தொப்பிக்குள் பேராசிரியர்.

“சார்... அப்போ இங்க ஒண்ணுகூடப் பிழைக்கலையா?”

அவர் பதறவில்லை. கையிலிருந்த மண்ணை உதறினார். நிதானமாக அவளை நோக்கி நடந்து வந்தார். அவள் ஓரடி பின்னால் வைத்தாள். குதிகாலுக்கு அடியில் பாறை இல்லை.

“கெட்டிக்காரப் பொண்ணு,” என்றார் கண் கலங்க. “அவனும் அங்க நின்னு இதையேதாம்மா கேட்டான்.”