ஏரிக்கரையில் ஒரு போன்

துபாய் ஜெபல் அலியில் உச்சிவெயிலுக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். கண்டெய்னரின் குட்டை நிழலில் காலை மடக்கி உட்கார்ந்து, இசக்கிமுத்து வீடியோ காலில் ஜெர்மனியின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் அவன் மனைவி சுகந்தி, ஞாயிற்றுக்கிழமை என்று மகளையும் தோழிகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கு வந்திருக்கிறாள். "கட் பண்ணிராதீங்க, இவள ஒரு முங்கு முக்கிட்டு வந்துருதேன்" என்று போனை விரிப்பில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனவள்தான். ஏதோ ஒரு மரக்கிளை அசைகிறது. தண்ணீரில் குதிக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்கின்றன. அதில் எது தன் வீட்டுச் சிரிப்பு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இங்கே அனல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. திடீரென்று ஈரத் தலையோடு மகள் தன்யா போனுக்கு மேலே குனிகிறாள். பக்கத்தில் இருக்கும் தர்ப்பூசணித் துண்டை எடுக்கத்தான். "பாப்பா" என்கிறான். அதற்குள் ஓடிவிட்டாள். அவள் முடியிலிருந்து அந்தப் போன்மேல் சொட்டிய தண்ணீரில் வானம் முழுக்கக் கலங்கிக் கிடக்கிறது. "யல்லா, யல்லா!" ஃபோர்மேன் வேலைக்குக் கூப்பிடுகிறார். "வாரேன் பாய்" என்றபடி இசக்கிமுத்து கழுத்துத் துண்டால் தன் போனைத் துடைக்கிறான். கலங்கல் போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைக்கிறான்.