தொண்ணூறு மார்க் சுவர்

"சுவர் வெடியைத் தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் எழுதித் தா மோளே!" என்றார் கல்குவாரி முதலாளி தாசையன்.

வித்துரா அங்கன்வாடியின் பின்சுவரில் விரிசலை அளந்துகொண்டிருந்த இன்ஜினியர் ஷீனா நிமிர்ந்தாள். சுவருக்குப் பின்னால் மேட்டில் அவருடைய குவாரி. தினமும் மதியம் வெடி. ஊரார் புகார் கொடுக்க, சோதனை போட இவள் வந்திருந்தாள்.

"நூறு வெடி வெச்சா தொண்ணூறு தடவை தாங்கும் சார். மீதிக்கு உறுதி சொல்ல முடியாது."

"தொண்ணூறுன்னா டிஸ்டிங்ஷன் அல்லே!"

"உள்ளே இருக்கறது குழந்தைங்க சார்."

தாசையன் முகம் வாடிப்போனது.

"அதுல ஒண்ணு என் பேத்தியாக்கும். அந்தா, சுவரோரம் இருக்காளே, ரெனி. பயம் இருந்தா இவளை இங்க சேர்ப்பேனா?"

ஷீனாவுக்குச் சுருக்கென்றது. பணக்காரர் என்றதும் சந்தேகப்பட்டுவிட்டோமே! அவர் குவாரிக்குக் கிளம்பிப் போனார். 'பாதகமில்லை' என்று எழுதிவிடலாம் என நினைத்தாள்.

அப்போது சைரன் ஊதியது. விஜயம் டீச்சர் அவசரமாகக் குழந்தைகளை அறையின் நடுவே இழுத்து உட்கார வைத்தாள்.

"வெளியே நின்னா கல் தெறிக்கும் மேடம்."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தாசையனின் டிரைவர் சுஜித் ஓடிவந்து ரெனியைத் தூக்கினான்.

"என்னாச்சு?" என்றாள் ஷீனா.

"பிள்ளைக்கு வயித்து வலி மேடம்."

"சைரன் ஊதினா இவளுக்கு மட்டும் தினமும் வயிறு வலிக்கும், கேட்டோ," என்றாள் டீச்சர்.

ஆனால் ரெனி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டேன்! இன்னிக்குப் பாயசம்!"

சுஜித் கெஞ்சினான், இழுத்தான். அலறல்தான் கூடியது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தான்.

"முதலாளி, மோள் வரமாட்டேங்குறா..."

மறுமுனையில் தாசையன் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"எடேய், வெடியை நிறுத்துங்கடா! பிள்ளை உள்ளே இருக்கா! அந்தச் சுவரை நம்ப முடியாதுடா!"

அன்று வெடிச் சத்தமே இல்லை.

ஷீனா, 'சுவர் தாங்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போய் உத்தரவு வர நாளாகும் டீச்சர். அதுவரைக்கும் என்ன செய்வீங்க?"

விஜயம் டீச்சர் சமையலறைப் பக்கம் திரும்பி, ஆயாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஜெயபாய்! நாளையிலேர்ந்து தினமும் பாயசம்!"